உதட்டு உயரத்தில் ஒரு கேமரா

இனாபத்தின் காதுகள் உஸ்பெகிஸ்தானின் நமங்கான் நெசவாலையிலேயே தங்கிவிட்டன; அவள் மட்டும் ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

வயல்போல நீண்ட கூடம் அது. அத்தனை தறிகளும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது குரல் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும். அங்கே பெண்கள் உதட்டால்தான் பேசிக்கொள்வார்கள். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீட்டில் சண்டை, எந்தக் கடையில் எண்ணெய் வந்திருக்கிறது எல்லாம் சத்தமே இல்லாமல் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்விடும். மேற்பார்வையாளர் நடுவில் நின்றுகொண்டு இவர்கள் எதையோ மெல்லுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அவரைப் பற்றிய பேச்சுதான் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

செவிப்புலன் ஒரே நாளில் போகவில்லை. சோப்புக் கட்டி தேய்வதுபோலப் போனது. தினமும் கையில் எடுத்தும் எப்போது சின்னதானது என்று சொல்ல முடியவில்லை. முதலில் குருவிகள் போயின. பிறகு கெட்டில் கொதிப்பது. பிறகு பக்கத்தில் படுத்திருக்கும் கணவனின் இருமல். அந்த இருமலே அவனைக் கொண்டுபோன அன்று முற்றம் நிறையப் பெண்கள் அழுதார்கள். இனாபத் திறந்த வாய்களை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எதிரே நின்று பேசினால் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. பேசுகிறவர்களே அவளுக்குக் காது கேட்காது என்பதை மறந்துவிடுவார்கள். அவள் குரல் மட்டும் கொஞ்சம் பெரிது. தறிகளைத் தாண்டிக் கத்திப் பழகிய குரல். முதுகுக்குப் பின்னால் நடப்பதும் கதவுக்கு அப்பால் நடப்பதும்தான் அவளுக்கு எட்டாதவை.

அவள் தெருவில் முன்பெல்லாம் வாசல் கதவுகளைப் பகலில் யாரும் தாழிட மாட்டார்கள். ஒரு சாண் திறந்தே கிடக்கும். வருகிறவர்கள் தலையை நீட்டிக் கூப்பிட்டுவிட்டு முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். போன குளிர்காலத்தில் மூன்றாவது வீட்டில் எரிவாயு சிலிண்டர் திருட்டுப்போனது. அன்றிலிருந்து தெரு முழுக்கத் தாழ்ப்பாள் விழுந்தது. இனாபத்தும் தாழிட்டாள்.

பாதாமி மரங்கள் பூத்திருந்த ஒரு வியாழக்கிழமை. முற்றத்து அடுப்பில் அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், கதவுக்கு முதுகைக் காட்டியபடி. மறுநாள் எதிர்வீட்டு முஷர்ரஃப் வந்தாள். உட்காருவதற்கு முன்பே வாயைத் திறந்தாள்.

"உன் வீட்டுக்கு நேத்து யார் வந்தாங்க தெரியுமா?"

"யாரும் வரலியே."

"யாரும் வரலியா! ரெண்டு பொம்பளைங்க. கையில துணி மூடின தட்டு. தட்டு தட்டுன்னு தட்டுனாங்க. கதவு ஒடஞ்சிரும்னு நெனச்சேன். பெண் கேக்க வந்தவங்கடி, மூஞ்சப் பாத்தாலே தெரிஞ்சுது."

இனாபத் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நீ ஏன் சொல்லல அவங்ககிட்ட?"

"சொல்லாம என்ன? நான் செருப்ப மாட்டிட்டு வர்றதுக்குள்ள மூலைக்குப் போயிட்டாங்க. பின்னாடியே ஓடி, அவளுக்குக் காது கேக்காதுங்க, உள்ளதான் இருப்பான்னு மூச்சு வாங்கச் சொன்னேன். சின்னவ மூஞ்சத் திருப்பிக்கிட்டா. பெரியவ உன் கதவத் திரும்பிப் பாத்துட்டு நடந்தா. அவதான் அப்ரோரோட அம்மாவாம். ஆம்புலன்ஸ் ஓட்டுறானே, அவன்."

கதவைத் திறக்காமல் இருப்பது அந்த ஊரில் ஒரு பதில். பெண் கேட்டு வந்தவர்களிடம் யாரும் முகத்துக்கு நேரே 'மாட்டோம்' என்று சொல்வதில்லை. கதவு தானே சொல்லிவிடும். சொன்னதை யாரும் இரண்டாம் முறை கேட்கவும் மாட்டார்கள்.

அன்று மாலை மகள் ஓய்தின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இனாபத் விஷயத்தைச் சொன்னாள். ஓய்தின் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அப்ரோர் கொண்டுவந்து இறக்கும் நோயாளிகளை ஏற்றுக்கொள்வது அவள்தான். அந்தப் பெயரை அவள் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்த விதத்திலேயே இனாபத்துக்கு எப்போதோ தெரிந்துபோயிருந்தது.

"பரவாயில்லம்மா," என்றாள் ஓய்தின். பிறகு கழுவி வைத்திருந்த கிண்ணங்களை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். முகத்தை அம்மாவின் பக்கம் திருப்பவே இல்லை. திருப்பினால் அம்மா உதட்டைப் படித்துவிடுவாள்.

என் காதுதான் இவளுக்குக் கதவைச் சாத்தியது என்று இனாபத் நினைத்தாள். தாழ்ப்பாள் போட்டது கைதான். ஆனாலும் பழி காதின்மேலேயே போய் விழுந்தது. அவர்கள் இன்னொரு முறை வருவார்களா, தெரியாது. வந்தால், இந்த முறை அந்தக் கதவு ஊமையாக இருக்கக் கூடாது.

மறுவாரம் பஜாரில் தொல்கினின் கடைக்குப் போனாள். ஒரு அலமாரி அகலமே இருந்த கடை. சுவர் முழுக்கக் கேமராக்கள், கழுத்தை நீட்டிப் பார்க்கும் கோழிகளைப்போல.

"வாங்கக்கா! வீட்டுக்கா, கடைக்கா?"

"வாசலுக்கு. கொறஞ்ச வெலையில."

"இத பாருங்க. எறும்பு நடந்தா சத்தம் புடிக்கும்."

"எனக்கு இடி விழுந்தாலே கேக்காதுப்பா. எறும்பு நடந்து என்ன ஆகப்போகுது?"

தொல்கின் அதைத் திரும்பச் சுவரில் மாட்டினான். பிறகு இன்னொன்றை எடுத்தான். "அப்ப இது. திருடன் வந்தா சைரன் அடிக்கும். தெருவே எழுந்துக்கும்."

"தெரு எழுந்துக்கும். நான் தூங்கிட்டிருப்பேன். நல்லாருக்கு."

"அப்ப மணியோட வெளக்கு ஒண்ணு மாட்டிருங்களேன். அழுத்துனா வீட்டுக்குள்ள பளிச்சுனு எரியும். இதுல பாதி வெலைதான்."

"நான் எதிர்பாக்குறவங்க பித்தான் அழுத்துற ஆளுங்க இல்ல. கையால தட்டுறவங்க." இனாபத் கவுன் பையிலிருந்து கைபேசியை எடுத்துக் காட்டினாள். "யாரு வந்து நின்னாலும் இது என் மடியில அதிரணும். எடுத்துப் பாத்தா அவங்க வாய் எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

"வாயா?"

"வாய்."

அவன் பல வருஷமாகக் கேமரா விற்கிறவன். தெருமுனையில் நிற்கும் காரின் எண் தெரியுமா என்று கேட்டவர்கள் உண்டு. மருமகள் யாரிடம் பேசுகிறாள் என்று தெரியுமா என்று கேட்டவர்களும் உண்டு. வாய் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. இருந்தும் இருப்பதிலேயே விலை கூடியதைத்தான் முதலில் இறக்கினான்.

இனாபத் அவனை எட்ட நிற்கச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள். தெரு முழுக்க அதில் வந்தது. தர்பூசணி வண்டி, மசூதிக் கோபுரத்தின் பாதி, வானம்கூட. ஆனால் கிட்டே நின்ற தொல்கினின் முகம் பிசைந்த மாவுபோல இழுபட்டிருந்தது. உதடுகள் காதுவரை போயின.

"இது ஊர் பாக்குற கண்ணு. எனக்கு ஆள் பாக்குற கண்ணு வேணும்."

அடுத்தது சோப்புப் பெட்டி அளவில் சின்னது. நாலடிக்கு அப்பால் எல்லாம் மங்கல். தொல்கின் அதன் முன்னால் போய் நின்றான். அப்படியே பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்துத் திரும்பி ஏதோ முணுமுணுத்தான். இனாபத் அவனைப் பார்க்கவில்லை, குனிந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் ஒரு மூச்சு தாமதித்து வந்தது. அவன் சொல்லி முடித்து வாயை மூடிய பிறகுதான் திரையில் அவன் உதடு அசைந்தது.

"போன வாரம் திரும்பி வந்த பொட்டியவா என் தலையில கட்டப் பாக்குற?" என்றாள் இனாபத், நெசவாலைக் குரலில்.

வரிசையில் இருந்த நாலைந்து கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். தொல்கினின் காது சிவந்தது.

"அக்கா... உங்களுக்குக் காது கேக்காதுன்னு..."

"கேக்காது. இந்தப் பொட்டி சொல்லிச்சு." அவள் அந்தச் சின்னக் கேமராவை இரண்டு கையாலும் எடுத்தாள். "வேற எதுவும் வேணாம், இதையே குடு. உன் திருட்டு வாய எவ்வளவு அழகாக் காட்டுது."

பக்கத்துக் கடைக்காரன் சிரித்துச் சிரித்துப் பொத்தென்று முக்காலியில் உட்கார்ந்தான். தொல்கினும் கடைசியில் சிரித்துவிட்டான். படம் கொஞ்சம் தாமதமாக வரும், விலை கூடியதில் அந்தக் குறை இல்லை என்று இந்த முறை நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"ஒரு மூச்சுதானே," என்றாள் இனாபத். "நான் இத்தன வருஷம் தாமதமாயிருக்கேன்."

மாட்டும்போது முஷர்ரஃப் தெருவின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டாள். ஓய்தின் துளைபோடும் கருவியைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"இவ்ளோ கீழயா? எல்லாரும் கூரைக்கிட்ட மாட்டுறாங்க. திருடன் வந்தா அவன் பல்ல எண்ணப்போறியா?"

"மேல மாட்டுனா தொப்பியும் முக்காடுந்தான் தெரியும். தொப்பி பேசுமா?"

"சரி, வாய் உயரம்னா யாரோட வாய்? என் வாயா, என் வீட்டுக்காரர் வாயா? அவரு ஒட்டகம்."

"உன் வாய்தான். தெருவுல அதான் அதிகம் அசையுது."

ஓய்தின் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரிப்பது அதுதான் முதல் தடவை. முஷர்ரஃபைக் கதவுத் தூணருகே நிறுத்தி, உதட்டுக்கு நேரே பென்சிலால் கோடு போட்டு, அங்கேயே துளைத்தார்கள்.

மறுநாள் காலை ஓய்தின் கேமராவைக் கைபேசியோடு இணைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போன பிறகு இனாபத் மாவு பிசைய உட்கார்ந்தாள். கைபேசி மடியில் அதிர்ந்தது. மாவுக் கையோடு எடுத்தாள். திரையில் பால்காரப் பெண். கதவைத் தட்டவில்லை, வாயருகே கையைக் குவித்துக் கூப்பிட்டாள். உதடுகள் விரிந்தன, குவிந்தன, மூடின. முதலில் இனாபத்துக்கு விளங்கவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள்.

இனாபத் அக்கா.

அது அவள் பெயர். எதிரே நிற்கிறவர்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கையைத் தொடுவார்கள், தோளைத் தட்டுவார்கள். தன் பெயர் ஒரு வாயில் எப்படி இருக்கும் என்பதை அவள் பார்த்தே பல வருஷமாகியிருந்தது. பாலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

பிறகு மின்கட்டணக்காரர் வந்தார், அவரும் கூப்பிட்டார். தையல் துணியோடு ஒருத்தி வந்தாள், அவளும். முஷர்ரஃப் சும்மா சோதித்துப் பார்க்க வந்து கேமராவுக்கு வாயைக் காட்டி, "இனாபத், செவிட்டுக் கழுதையே, வெளிய வா," என்றாள். இனாபத் உள்ளிருந்தே, "வரேன்டி வாயாடி," என்று கத்தினாள். முஷர்ரஃப் திடுக்கிட்டு இரண்டடி பின்னால் போனது ஒரு மூச்சு கழித்துத் திரையில் தெரிந்தது.

கூப்பிடாமல் கடந்துபோனவர்களும் திரையில் வந்தார்கள். யாரென்று தெரியாத ஒருவர் தெருவில் கிடந்த ரொட்டித் துண்டைக் குனிந்து எடுத்தார், முத்தமிட்டு நெற்றியில் ஒற்றினார், யார் காலும் படாமல் இனாபத்தின் கதவு நிலையின்மேல் வைத்துவிட்டுப் போனார். முனையில் குடியிருக்கும் கிழவர், அவள் கணவனோடு சதுரங்கம் ஆடியவர், கதவுக்கு நேரே நின்று கை ஏந்தி ஏதோ ஓதி, இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை வருடிக்கொண்டு நடந்தார். நிற்பதற்கு இடம் தேடியதுபோலத் தெரியவில்லை. கால் தானாக அங்கே நின்றது. தினமும் நின்று பழகிய கால்.

தன் கதவுக்கு வெளியே இவ்வளவு நடக்கிறது என்று இனாபத் நினைத்ததே இல்லை. சாத்திய கதவுக்கு முன்னால், யாரும் பார்க்காதபோது, மனிதர்கள் இப்படித்தான் இருக்கிறார்களா? திருடனைப் பார்ப்பதற்காகத் தெருவே பயந்து பயந்து வாங்கும் பொருள் அது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தொழுகைக்குப் போனவளைப்போலச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று முழுக்க அவள் எதிர்பார்த்த முகம் மட்டும் வரவில்லை.

அடுத்த நாள் காலை கைபேசியைத் திறந்தபோது விடியற்காலையின் ஒரு பதிவு இருந்தது. அவள் உறங்கிக்கொண்டிருந்த நேரம். வெளிச்சம் இன்னும் சாம்பலாகத்தான் இருந்தது. திரையில் முகமே இல்லை. குனிந்த ஒரு முதுகு. முதுகுக்குக் கீழே விளக்குமாறு. முதுகு இடமிருந்து வலமாக நகர்ந்தது, காணாமல் போனது, மறுபடி வந்தது.

ஓய்தின் பகலும் இரவும் தொடர்ந்த பணி முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, நீ வந்து வாசல் பெருக்குனியா?"

"நான் இப்பத்தானேம்மா வரேன். வாசல்தான் தினமும் நீங்க பெருக்கி வச்சிர்றீங்களே."

"நானா? நீதானே பெருக்குற?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தெருவில் விடிவதற்குள் வாசல் பெருக்காத வீடு கிடையாது. கல்யாணமாகாத பெண் உள்ள வீட்டில் அது அந்தப் பெண்ணின் வேலை. சில நாட்களாக ஓய்தின் எழுந்து போகும்போதெல்லாம் வாசல் சுத்தமாக இருந்தது. அம்மா பாவப்பட்டுச் செய்கிறாள் என்று அவள் விளக்குமாற்றை வைத்துவிட்டுப் போனாள். மகள் மனக்கஷ்டத்திலும் வேலையை விடவில்லை என்று இனாபத் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்த நாள்ல இருந்து?" என்று இனாபத் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவு திறக்காத அந்த வியாழனுக்குப் பிறகுதான்.

பதிவை மறுபடி ஓடவிட்டாள். முதுகு பெருக்கி முடித்து நிமிர்ந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு வயதான பெண் கதவைப் பார்த்து நின்றாள். வாய் சரியாகக் கேமராவுக்கு நேரே.

ஓய்தின் திரைமேல் குனிந்தாள். "அம்மா, இது அப்ரோரோட அம்மா. ரிசோலத் அம்மா. ஆஸ்பத்திரிக்கு அவருக்குச் சோறு கொண்டுவருவாங்க. ஊர்ல இருந்து முதல் வண்டிய புடிச்சு வருவாங்க..."

இனாபத் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். திரையில் அந்த உதடுகள் அசைந்தன. சின்ன அசைவுகள். யாருக்கும் கேட்பதற்காகச் சொல்லாதவை.

"என்னம்மா சொல்றாங்க?"

"இந்த வாசல எங்களுக்குச் சொந்தமாக்கு, ஆண்டவனே. இந்த வீட்டு வெளிச்சத்த எங்க வீட்டுக்கும் குடு." இனாபத் திரையை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். "தட்டுனா கேக்காத வீடு இது. பெருக்குனா தெரியாமலா போகும்."

பெண் கேட்கிறவர்கள் பெண் வீட்டு வாசலை விடியற்காலையில் பெருக்கிவிட்டுப் போவது ரொம்பப் பழைய வழக்கம். நகரத்தில் அதை யாரும் செய்வதில்லை. கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பதோடு சரி. வாய் திறந்து கேட்பதற்கு முந்திய கேள்வி அது. சத்தம் தேவைப்படாத கேள்வி. ரிசோலத் கோபித்துக்கொண்டு போகவில்லை. முஷர்ரஃப் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டு, இந்த வீட்டோடு எந்த வழியில் பேசலாம் என்று யோசித்துக்கொண்டு போயிருக்கிறாள். பிறகு தினமும் வந்து பேசியிருக்கிறாள். அந்தப் பேச்சையும் வீடு கவனிக்கவில்லை. அப்படியும் அவள் நிறுத்தவில்லை.

இனாபத் கைபேசியைக் கம்பளத்தின்மேல் வைத்தாள். தேநீர் போடத் தோன்றவில்லை. மகளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை. தன் வாசலில் படிந்த புழுதியை, தன்னைவிட மூத்த ஒரு பெண், தினமும் குனிந்து கூட்டி எடுத்திருக்கிறாள். நெசவாலையில் நீண்ட துணிகள் ஓடி வருவதைப் பார்க்கும்போது முதன்முதலில் சேர்ந்த பெண்கள் வாயடைத்து நிற்பார்கள். அப்படி நின்றாள்.

"சரின்னு சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

ஓய்தின் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உதடு தெளிவாக அசைந்தது. "சொல்லுங்கம்மா."

மறுநாள் இனாபத் அந்த நேரத்துக்கு முன்பே எழுந்தாள். வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பெருக்குவதற்கு முன் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிப்பது வீட்டுக்காரியின் வேலை. இரண்டு பேர் சேர்ந்து பெருக்கும் வாசலில் ஒருத்தி தெளிப்பாள், ஒருத்தி பெருக்குவாள். கையால் அள்ளி அள்ளி, தூணிலிருந்து தெரு விளிம்புவரை தெளித்தாள். மண் கறுத்தது. தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, கதவைச் சேர்த்து மட்டும் வைத்து, உள்பக்கம் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதிர்ந்தது.

ரிசோலத் வந்தாள். விளக்குமாற்றைச் செய்தித்தாளில் சுற்றி அக்குளில் வைத்திருந்தாள். தாளைப் பிரித்து மடித்துப் பையில் வைத்தாள். குனிந்தாள். திரையில் முதுகு மட்டும் இருந்தது. முதுகு அசையவில்லை. வெகுநேரம் அசையவில்லை.

பிறகு நிமிர்ந்தாள். விரல் நுனிகள் நனைந்திருந்தன. ஈரமண்ணைத் தொட்ட விரல்களை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். உதடு விரிந்தது, குவிந்தது, மூடியது.

இனாபத் கதவை இழுத்தாள்.

எதிரே நின்ற முகம் திரையில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. கண்ணோரம் ஈரம். விளக்குமாற்றை என்ன செய்வதென்று தெரியாமல், பரிசுப்பொருளை நீட்டுவதுபோல ரிசோலத் நீட்டினாள். இனாபத் கைபேசியைக் கவுன் பையில் போட்டுவிட்டு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"உள்ள வாங்க அக்கா!" என்றாள். நெசவாலைக் குரல். எதிர்வீட்டு ஜன்னல் படீரென்று திறந்தது. முஷர்ரஃபின் கலைந்த தலை வெளியே வந்தது.

ரிசோலத் நிலைப்படியைக் குனிந்து தொட்டுவிட்டு வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். முற்றத்தில் ஓய்தின் கெட்டிலோடு நின்றிருந்தாள்.

இனாபத்தின் பையில் கிடந்த கைபேசியில் படம் வழக்கத்தைவிடப் பின்தங்கி நின்றிருந்தது; அங்கே கதவு இன்னும் திறக்கவில்லை. அதன் முன்னால் அந்தப் பெண் நின்று அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.